ஈ-2 நுழைவிசைவு (தென் கொரியா)

ஈ-2 நுழைவிசைவு என்பது தென் கொரியாவில் அயல்மொழி உரையாடலைக் கற்பிக்க வரும் வெளிநாட்டவருக்கு அந்நாட்டு நீதி அமைச்சின் கீழுள்ள குடிவரவுத் துறை வழங்கும் விசா வகையாகும். கொரிய மொழியில் இது "ஹ்வேஹ்வா ஜிதோ", அதாவது உரையாடல் பயிற்றுவிப்பு, என அழைக்கப்படுகிறது. இதனைப் பெறுவோரில் பெரும் பகுதியினர் ஹாக்வோன் எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்களில் ஆங்கிலம் கற்பிக்கின்றனர். அரசுப் பள்ளிகளில் துணை ஆசிரியராகப் பணிபுரிவோருக்கும் இதே வகை விசாவே வழங்கப்படுகிறது.

இவ்விசா ஓர் ஆசிரியர் ஒரு குறிப்பிட்ட நிலையத்தில் பணிபுரிவதற்கு என்று வழங்கப்படுகிறது. அந்நிலையத்தின் உரிமையாளரே விண்ணப்பத்திற்குப் பொறுப்பேற்கிறார். ஆகவே ஊதியம் தருபவரும், நாட்டில் தங்குவதற்குப் பொறுப்பாளராக நிற்பவரும், பெரும்பாலும் வீடு தருபவரும் ஒருவராகவே அமைந்துவிடுகின்றனர். ஊதியம் பற்றிய ஒரு சிறு தகராறு கூட ஆசிரியர் நாட்டில் தொடர்ந்து இருக்க முடியுமா என்ற கேள்வியாக மாறக்கூடும் என்பதே இம்முறையின் மீது வைக்கப்படும் முதன்மையான குறை.

பின்னணி

ஹாக்வோன்களை நம் ஊர் டியூஷன் சென்டர்களுடன் ஒப்பிடலாம். ஆயினும் அவை தனிச்சட்டம் ஒன்றின் கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட வணிக நிறுவனங்கள் ஆகும். கணிதம், இசை, ஓவியம், நுழைவுத் தேர்வு எனப் பலவற்றுக்கும் ஹாக்வோன்கள் உள்ளன. 1980 இல் சுன் டூ-ஹ்வான் ஆட்சி பள்ளி மாணவருக்கான தனிப்பயிற்சியைத் தடைசெய்தது. அத்தடை படிப்படியாகத் தளர்ந்துவந்த நிலையில், 2000 ஏப்ரலில் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. இதற்கிடையே 1988 சியோல் ஒலிம்பிக் போட்டி, 1989 இல் வெளிநாட்டுப் பயணக் கட்டுப்பாடுகள் நீங்கியமை, 1997 முதல் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கட்டாயப் பாடமானமை ஆகியவற்றால் ஆங்கில ஹாக்வோன்கள் பெருகின. "தாய்மொழியாளர்" ஒருவர் வகுப்பில் இருப்பதே விளம்பரமாக அமைந்தது.

மழலையருக்கான "ஆங்கிலக் கிண்டர்கார்ட்டன்"களும் சட்டப்படி ஹாக்வோன்களே. அவை தம்மை மழலையர் பள்ளி என அழைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை எனினும் பேச்சுவழக்கில் அப்பெயரே நிலைத்துவிட்டது.

தகுதிகள்

ஆங்கிலம் கற்பிக்க வருபவர் பின்வரும் ஏழு நாடுகளுள் ஒன்றின் குடிமகனாக இருத்தல் வேண்டும்: ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. குறைந்தது இளங்கலைப் பட்டம் தேவை. அது எந்தத் துறையிலும் இருக்கலாம். இயந்திரவியல் படித்தவரும் கடல் உயிரியல் படித்தவரும் ஆங்கில ஆசிரியராக வருவது இதனாலேயே.

பட்டச் சான்றும், சொந்த நாட்டின் தேசிய அளவிலான குற்றப்பின்னணிச் சான்றும் அப்போஸ்டில் முத்திரையுடன் அளிக்கப்பட வேண்டும். அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டின் ஆவணத்தை மற்றொரு நாடு ஏற்பதற்கான, ஹேக் உடன்படிக்கையின் வழிவந்த சான்றுமுறை ஆகும். தென் கொரியாவில் இவ்வுடன்படிக்கை 2007 இல் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் 2024 சனவரியில்தான் வந்தது என்பதால், அதுவரை கனடிய ஆசிரியர்கள் தூதரகச் சான்று பெறவேண்டியிருந்தது.

வழங்கும் முறை

ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஆசிரியர் தம் மூல ஆவணங்களை அஞ்சலில் கொரியாவுக்கு அனுப்புகிறார். அவற்றைக் கொண்டு உரிமையாளர் தம் பகுதிக் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, விசா வழங்கல் ஒப்புதல் எண் ஒன்றைப் பெறுகிறார். அந்த எண்ணுடன் ஆசிரியர் தம் நாட்டிலுள்ள கொரியத் துணைத் தூதரகத்தை அணுகுகிறார். கொரியா வந்தபின் 90 நாட்களுக்குள் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு வெளிநாட்டவர் பதிவு அட்டை பெறவேண்டும். வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு போன்ற பலவும் இவ்வட்டையைச் சார்ந்தே அமைகின்றன.

ஒப்பந்தம் வழக்கமாக ஓராண்டுக்குரியது. பெரும்பாலான ஹாக்வோன்கள் வான்வழிப் பயணச்சீட்டையும், உரிமையாளரின் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒற்றை அறை வீட்டையும் தருகின்றன. புதிதாக வரும் இளைஞருக்கு இது பெரும் வசதி. கொரியாவில் வீட்டு வாடகைக்குப் பெருந்தொகை முன்பணம் கேட்கப்படும் வழக்கம் உண்டு. ஆனால் வேலை போனால் வீடும் அன்றே போகும் என்பது இவ்வசதியின் மறுபக்கம்.

பணியிடத்துடன் பிணைப்பு

ஈ-2 விசா கொண்டவர் தாம் பதிவுசெய்துள்ள இடத்தில் மட்டுமே கற்பிக்கலாம். இரண்டாவது நிலையத்தில் கற்பிக்க வேண்டுமாயின் முதல் உரிமையாளரின் இசைவும் குடிவரவுத் துறையின் அனுமதியும் தேவை. வீடுகளுக்குச் சென்று தனிப்பாடம் நடத்துதல் சட்ட மீறல். தண்டத் தொகையும் நாடு கடத்தலும் நேரலாம். அதே உரிமையாளர் நடத்தும் வேறொரு கிளைக்கு, அது பதிவில் இல்லாதிருக்கும்போது, ஆசிரியர் அனுப்பப்பட்டாலும் மீறலில் அவரும் சிக்கிக்கொள்கிறார். உரிமையாளர் சொல்லித்தான் சென்றேன் என்பது அவரை முழுமையாகக் காப்பதில்லை.

ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேறு நிலையத்திற்கு மாற விரும்புபவர் பொதுவாகப் பழைய உரிமையாளரிடம் "இஜக் தொங்கிசொ" எனப்படும் பணிமாற்ற ஒப்புதல் கடிதம் பெறவேண்டும். இக்கடிதமே பல தகராறுகளின் மையம். கடிதம் கிடைக்கவில்லையெனில் நாட்டை விட்டு வெளியேறி, புதிய ஆவணங்களுடன் தொடக்கத்திலிருந்து விண்ணப்பிக்க நேரிடுகிறது. நிலையம் மூடப்பட்டாலோ, ஊதியம் வழங்கப்படாதது மெய்ப்பிக்கப்பட்டாலோ ஒப்புதலின்றியும் மாற வழியுண்டு. எனினும் அதனை மெய்ப்பிக்க வேண்டியவர் கொரிய மொழி அறியாத ஆசிரியரே. மறுபுறம், ஆசிரியர் விலகினாலோ நீக்கப்பட்டாலோ உரிமையாளர் 15 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் இது வெறும் நடைமுறை. ஆனால் சினம் கொண்ட உரிமையாளரின் வாயில் "அறிவித்துவிடுவேன்" என்ற சொல் வேறு பொருள் பெற்றுவிடுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரியும் தமிழ் மென்பொருளாளர்களுக்கு இந்நிலை ஓரளவு பழகியதே. ஆயினும் அங்கே 2000 ஆம் ஆண்டின் ஒரு சட்டம், புதிய நிறுவனம் விண்ணப்பம் அளித்த உடனேயே அங்குப் பணியில் சேர வழிசெய்தது. பழைய நிறுவனத்தின் கடிதம் தேவையில்லை. 2017 சனவரி முதல் வேலை இழந்தவருக்கு 60 நாட்கள் வரை தவணையும் உண்டு. கொரியாவில் இதற்கு ஓரளவு இணையாக டி-10 என்னும் வேலை தேடுவோர் விசா உள்ளது. ஒப்பந்தத்தை முறையாக முடித்தவர்கள் அதற்கு மாறி அடுத்த பணியைத் தேடுகின்றனர். இடையில் முறிந்த ஒப்பந்தமுடையோருக்கே சிக்கல்.

பொதுவாக எழும் தகராறுகள்

பதினோராம் மாத நீக்கம்

கொரியச் சட்டப்படி, வாரம் 15 மணி நேரமோ அதற்கு மேலோ, ஓராண்டோ அதற்கு மேலோ பணியாற்றிய ஊழியருக்குப் பணி முடிவில் ஆண்டொன்றுக்குக் குறைந்தது 30 நாள் சராசரி ஊதியம் பணிக்கொடையாக வழங்கப்பட வேண்டும். இது வெளிநாட்டவருக்கும் பொருந்தும். பல ஒப்பந்தங்களில் திரும்பும் பயணச்சீட்டும் பன்னிரண்டு மாதம் முடித்தால் மட்டுமே உண்டு. எனவே பதினோராம் மாதத்தில் ஒருவரை நீக்கிவிட்டால் உரிமையாளருக்கு ஒரு மாத ஊதியமும் பயணச் செலவும் மிச்சமாகும். எல்லா ஹாக்வோன்களும் இதனைச் செய்வதில்லை. நேர்மையாக நடத்துவோர் பலர் உள்ளனர். ஆயினும் ஆசிரியர்களிடையே இதற்கெனத் தனிப்பெயரே வழங்கும் அளவுக்கு இது அறியப்பட்ட ஒன்று.

சுயதொழிலர் எனக் காட்டுதல்

ஆசிரியரை ஊழியராகக் காட்டாமல், தனித்து இயங்கும் சுயதொழிலராகக் காட்டி 3.3 விழுக்காடு வரி மட்டும் பிடித்தம் செய்யும் வழக்கமும் பரவலாக உள்ளது. முதல் பார்வையில் ஆசிரியருக்கும் இது ஆதாயமாகத் தோன்றும், ஏனெனில் கையில் கிடைக்கும் தொகை சற்றுக் கூடும். ஆனால் தேசிய ஓய்வூதியத்திலும் உடல்நலக் காப்பீட்டிலும் உரிமையாளர் செலுத்த வேண்டிய பங்கு இதனால் இல்லாமற் போகிறது. பணிக்கொடையும் மறுக்கப்படுகிறது. இதிலுள்ள முரண் கவனிக்கத்தக்கது. குடிவரவு அலுவலகத்தில் அவரை "எம் நிலையத்தின் ஊழியர்" எனக் காட்டி விசா பெற்ற அதே உரிமையாளர், வரி அலுவலகத்தில் "இவர் எம் ஊழியர் அல்லர்" என்கிறார். ஒரே இடத்தில், உரிமையாளர் வகுத்த நேரப்படி, அவர் தந்த நூலைக் கொண்டு கற்பிப்பவர் சுயதொழிலராக இருக்க முடியாது என்பது தெளிவு.

செலுத்தப்படாத ஓய்வூதியம்

தேசிய ஓய்வூதியப் பங்களிப்பு 2025 வரை ஊதியத்தில் 9 விழுக்காடாக இருந்தது. இதில் பாதி ஊழியருடையது, பாதி உரிமையாளருடையது. 2025 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி 2026 முதல் இது ஆண்டுதோறும் அரை விழுக்காடு உயர்ந்து 13 விழுக்காட்டை எட்டும். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாட்டவர் கொரியாவை விட்டு நிலையாக வெளியேறும்போது இத்தொகையை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். இரு பங்கும் சேர்ந்தே கிடைப்பதால் ஓராண்டு முடிவில் இது கணிசமான தொகை. தென்னாப்பிரிக்கர் இத்திட்டத்தில் சேர்க்கப்படுவதில்லை. ஊதியத்தில் பிடித்த தொகை ஓய்வூதிய நிறுவனத்திற்குச் செல்லவே இல்லை என்பதை விமான நிலையத்திற்குக் கிளம்பும் வாரத்தில் அறிவோரும் உண்டு. மாதந்தோறும் செலுத்தப்படுகிறதா என்பதை ஓய்வூதிய நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் எவரும் கேட்டறியலாம்.

ஊதியத் தேக்கம்

2000களின் நடுப்பகுதியில் ஹாக்வோன் விளம்பரங்களில் மாதம் ஏறத்தாழ 20 இலட்சம் வொன் ஊதியம் குறிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழிந்தும் 21 முதல் 25 இலட்சம் வொன் என்ற விளம்பரங்களைக் காணலாம். இதே காலத்தில் கொரியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 3,480 வொன் (2007) என்பதிலிருந்து 10,030 வொன் (2025) ஆக உயர்ந்தது. மாதத்திற்கு 209 மணி நேரம் என்ற சட்டக் கணக்கில் இது 7,27,320 வொன்னிலிருந்து 20,96,270 வொன் ஆகிறது. முன்பு குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் பெற்ற பணி, வீட்டு வசதியைக் கணக்கில் கொள்ளாவிடில், இன்று அதன் அருகிலேயே நிற்கிறது. வேறு பணிக்கு எளிதில் மாற முடியாதவரின் ஊதியம் உயர்வது கடினம் என்பது இதற்கு ஒரு காரணம் எனலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்து வருவது மற்றொன்று.

சட்டப் பாதுகாப்பு

தொழிலாளர் தரநிலைச் சட்டம் நாட்டினத்தைக் காரணம் காட்டி ஊழியரிடையே வேறுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. பணி முடிந்த 14 நாட்களுக்குள் நிலுவை அனைத்தும் வழங்கப்பட வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் பணியாற்றியவரை நீக்க 30 நாள் முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தேவை. ஆனால் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்ற விதி ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடங்களுக்கே பொருந்தும். ஒரு மாடியில் இரண்டு மூன்று வகுப்பறைகளுடன் இயங்கும் சிறு ஹாக்வோன்கள் இதனால் விதிவிலக்கு பெறுகின்றன.

முறையீட்டைத் தொழிலாளர் அலுவலகத்தில் கட்டணமின்றி அளிக்கலாம். குடிவரவு தொடர்பான உதவிக்கு 1345, தொழிலாளர் உரிமை தொடர்பான உதவிக்கு 1350 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன. முறையீடு நடைபெறும் காலத்தில் விசா முடிந்துவிட்டால் ஜி-1 என்னும் பல்வகை விசாவுக்கு மாறி நாட்டில் தங்கலாம். ஆனால் அவ்விசாவில் பொதுவாக வேலை செய்ய இயலாது. வருமானமின்றி, வீடுமின்றி, தமக்கு வரவேண்டிய ஒரு மாத ஊதியத்திற்காகப் பல மாதங்கள் காத்திருப்பதைவிட விமானம் ஏறுவதே மேல் எனப் பலர் முடிவு செய்கின்றனர். சட்டம் ஏட்டில் ஊழியரின் பக்கம் இருந்தும் பயன் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மருத்துவப் பரிசோதனைச் சர்ச்சை

2007 அக்டோபரில், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்காகத் தேடப்பட்ட கனடியர் ஒருவர் தாய்லாந்தில் கைது செய்யப்பட்டார். அவர் அதற்குச் சில நாட்கள் முன்புவரை தென் கொரியாவில் ஆசிரியராக இருந்தது தெரியவந்ததும் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அவ்வாண்டு இறுதியில் குற்றப்பின்னணிச் சான்றுடன் போதைப்பொருள், எச்.ஐ.வி. பரிசோதனைகளும் ஈ-2 ஆசிரியர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டன. முதலாவதற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் அக்குற்றத்திற்கும் தொடர்பில்லை. மேலும், அதே பணியைச் செய்த கொரியக் குடிமக்களுக்கும் கொரிய வம்சாவளியினருக்கும் அப்பரிசோதனை இல்லை.

உல்சான் நகரில் பள்ளியொன்றில் பணியாற்றிய நியூசிலாந்துப் பெண் ஒருவர் 2009 இல் மறுபரிசோதனைக்கு உடன்பட மறுத்ததால் அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவரது முறையீட்டை ஏற்ற ஐக்கிய நாடுகள் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு, 2015 மே மாதம் இது இனப் பாகுபாடே என முடிவு செய்தது. 2017 சூலையில் கொரிய அரசு எச்.ஐ.வி. பரிசோதனையை நீக்கியது. 2019 அக்டோபரில் சியோல் நீதிமன்றம் அவருக்கு 3 கோடி வொன் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவர் மறுத்த நாளிலிருந்து பத்தாண்டுகள் கடந்திருந்தன.

ஜப்பானுடன் ஒப்பீடு

அண்டை நாடான ஜப்பானிலும் "எய்கைவா" எனப்படும் தனியார் ஆங்கில உரையாடல் பள்ளிகள் உள்ளன. அங்கு ஆசிரியரின் தங்கும் தகுதி அவரது தொழில் வகையைச் சார்ந்தது. குறிப்பிட்ட நிறுவனத்தைச் சார்ந்ததன்று. அதே வகைப் பணிக்கு மாறுபவர் பழைய நிறுவனத்தின் ஒப்புதலைப் பெறவேண்டியதில்லை. 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்கு அறிவித்தால் போதும். எனினும் தக்க காரணமின்றி மூன்று மாதங்கள் அப்பணியில் ஈடுபடாதிருப்பின் தகுதி நீக்கப்படலாம். 2015 இல் இப்பிரிவு பொறியாளர் பிரிவுடன் இணைக்கப்பட்டதால், டோக்கியோவில் பணிபுரியும் தமிழ் மென்பொருளாளரும் அங்குள்ள எய்கைவா ஆசிரியரும் இன்று ஒரே வகைத் தங்கும் தகுதியையே கொண்டுள்ளனர்.

இவ்வேறுபாட்டின் பயன் நோவா நிறுவனத்தின் வீழ்ச்சியின்போது வெளிப்பட்டது. 1981 இல் தொடங்கப்பட்டு நாடெங்கும் தொடர்வண்டி நிலையங்களின் அருகே கிளைகளை நடத்திவந்த நோவா, ஜப்பானின் மிகப்பெரிய மொழிப் பள்ளியாக விளங்கியது. பாடங்களை மொத்தமாக முன்பணம் பெற்று விற்ற அந்நிறுவனம், விலகும் மாணவருக்குப் பணத்தைத் திருப்புவதில் முறைகேடு செய்தது. 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சூனில் அரசு, நீண்டகால ஒப்பந்தங்களை விற்க ஆறு மாதத் தடை விதித்தது. முன்பணம் நின்றதும் ஊதியமும் நின்றது. அக்டோபர் 26 அன்று நிறுவனம் ஒசாக்கா நீதிமன்றத்தில் கடன் பாதுகாப்புக் கோரியது. ஏறத்தாழ 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் பாதிக்கப்பட்டனர்.

ஊதியத்தில் வீட்டு வாடகையைப் பிடித்துக்கொண்ட நிறுவனம் அதனை வீட்டு உரிமையாளர்களுக்குச் செலுத்தாததால், வீட்டை விட்டு வெளியேறுமாறு ஆசிரியர்களுக்கு அறிவிப்புகள் வந்தன. சிலர் உணவுக்கு ஈடாகப் பாடம் நடத்தினர். ஊர் திரும்ப விரும்பிய ஆஸ்திரேலியர்களுக்குக் குவாண்டாஸ் நிறுவனம் குறைந்த கட்டணத்தில் பயணச்சீட்டு வழங்கியது. ஆனால் எஞ்சியோர் வேறு பள்ளிகளில் சேர எவரது கடிதமும் தேவைப்படவில்லை. ஊதிய நிலுவையில் 80 விழுக்காடு வரை, வரம்புக்கு உட்பட்டு, அரசே முன்னதாக வழங்கும் திட்டமும் அங்கு நடைமுறையில் இருந்தது.

ஜப்பானிய முறைக்கும் குறைகள் உண்டு. முழுநேர ஊழியரின் பணிநேரத்தில் நான்கில் மூன்று பங்கு, அதாவது வாரம் 30 மணி நேரம், பணியாற்றுவோரைச் சமூகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பதால், பல பள்ளிகள் ஒப்பந்தத்தில் 29.5 மணி நேரம் என எழுதின. 2016 முதல் பெரிய நிறுவனங்களுக்கு இவ்வரம்பு 20 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. 2024 அக்டோபர் முதல் 51 ஊழியர்கள் கொண்ட நிறுவனங்களுக்கும் அது பொருந்துகிறது.

இந்தியரும் தமிழரும்

ஏழு நாடுகளின் பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகியவை இல்லை. 2010 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய விரிவான பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கை, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் உடைய இந்தியக் குடிமக்கள் கொரியப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகப் பணியாற்ற வழிசெய்தது. இது பள்ளிகளுக்கு மட்டுமே உரியது, ஹாக்வோன்களுக்குப் பொருந்தாது. ஆகவே, இந்தியக் கடவுச்சீட்டு உடையவருக்கு ஹாக்வோனில் ஆங்கிலம் கற்பிக்க ஈ-2 விசா பெற்றுத்தருவதாகக் கூறும் முகவர்களிடம் எச்சரிக்கை தேவை.

கனடா, ஐக்கிய இராச்சியம், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் குடியுரிமை பெற்ற தமிழர்கள் சட்டப்படி முழுத் தகுதி உடையவர்கள். விசாவுக்கு நிறம் ஒரு தகுதி அன்று. ஆனால் விசாவுக்கு முந்தைய கட்டத்தில், வேலை விளம்பரங்களில் விண்ணப்பத்துடன் புகைப்படமும் கேட்கப்படுகிறது. தொராண்டோவில் பிறந்து வளர்ந்து ஆங்கிலத்தையே முதல்மொழியாகப் பேசும் ஒருவர், அப்படத்தின் காரணமாகவே பதில் பெறாமற்போவதும் உண்டு.